மயில்மீனைத் தேடி ஒரு படகுப் பயணம்!

சுட்டிகளே, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அதிகாலையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கூடை கூடையாக மத்தி, கானாங்கெளுத்தி, வஞ்சிரம் என்று வந்து இறங்கும். சில நாட்களில் இவற்றுக்கு நடுவே இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வரும் ஒரு நீளமான மீனும் வரும். மூக்கு ஈட்டி மாதிரி இருக்கும். முதுகில் ஏதோ மடித்து வைத்த விசிறி போலத் தெரியும். அதை விரித்துப் பார்த்தால், அடேயப்பா! மீனின் உடம்பைவிட உயரமான கருநீலத் தோகை!

தோகை இருப்பதால் நம் மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் மயில்மீன். மயில் கோலா என்றும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'செயில்ஃபிஷ்', அதாவது 'பாய்மீன்'. காற்றில் விரிந்த பாய்மரம் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு மயில் தெரிந்திருக்கிறது!

இந்த மீனைப் பற்றி ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. அமெரிக்காவிலும், மத்திய அமெரிக்க நாடுகளிலும், ஆப்பிரிக்காவின் கென்யாவிலும் இந்த ஒரு மீனைப் பிடிப்பதற்காகவே மக்கள் ஒரு நாள் முழுக்கப் படகை வாடகைக்கு எடுக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு ஒரு நாளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல்கூட ஆகும். அவ்வளவு செலவு செய்து, பல மணி நேரம் வெயிலில் காத்திருந்து, மீனைப் பிடித்து... உடனே கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்!

ஏன் இப்படி? நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் பழவேற்காட்டில் கடல் இருக்கிறதே, நாமும் அப்படி ஒரு படகில் போகலாமா? வாருங்கள், பார்ப்போம்.

ஈட்டி மூக்கன்

முதலில் மீனோடு அறிமுகம் செய்துகொள்வோம். மயில்மீனின் அறிவியல் பெயர் 'இஸ்டியோஃபோரஸ் பிளாட்டிப்டெரஸ்'. முதல் சொல்லுக்கு 'பாய்மரம் சுமப்பவன்' என்று பொருள். வங்கக் கடல், அரபிக் கடல், பசிபிக் பெருங்கடல் என்று வெதுவெதுப்பான கடல்களில் எல்லாம் இது வாழ்கிறது. நன்றாக வளர்ந்த மீன் 3 மீட்டருக்கு மேல் நீளமாக இருக்கும். எடை 100 கிலோவைக்கூடத் தொடும்.

முட்டையிலிருந்து வெளிவரும்போது இது சில மில்லிமீட்டர் நீளம்தான். அப்போது ஈட்டியும் இருக்காது, தோகையும் இருக்காது. ஆனால் வளர்ச்சியோ ராக்கெட் வேகம்! ஒரே ஆண்டில் ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்.

இந்தத் தோகையை மீன் எப்போதும் விரித்துக்கொண்டே திரிவதில்லை. வேகமாக நீந்தும்போது, முதுகில் உள்ள ஒரு பள்ளத்துக்குள் அதை மடித்து வைத்துக்கொள்ளும். குடையை மடக்கிப் பைக்குள் வைப்பது போல! இரையைச் சுற்றி வளைக்கும்போது விரித்துக்கொள்ளும்.

இன்னொரு அதிசயமும் உண்டு. பொதுவாக மீன்களின் உடம்பு, சுற்றியுள்ள நீரைப் போலவே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் மயில்மீனின் கண்ணுக்கு அருகே உள்ள ஒரு தசை, அடுப்பு மாதிரி வெப்பத்தை உண்டாக்குகிறது. இது கண்ணையும் மூளையையும் கதகதப்பாக வைத்துக்கொள்கிறது. குளிர்ந்த ஆழத்திலும் வேகமாக ஓடும் இரையைத் தெளிவாகப் பார்க்க இது உதவுகிறது.

மணிக்கு 109 கி.மீ. உண்மையா?

'கடலிலேயே வேகமான மீன் எது?' என்று வினாடி வினாவில் கேட்டால் பலரும் சொல்லும் பதில், 'மயில்மீன்! மணிக்கு 109 கிலோமீட்டர்!' என்பதுதான். பல புத்தகங்களிலும் அப்படித்தான் இருக்கிறது. இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் தென்கோடியில் 'லாங் கீ' என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு அங்கே ஒரு மீன்பிடி முகாம் புகழ்பெற்றிருந்தது. தூண்டில் போட்டு விளையாடுவதற்காகவே பணக்காரர்கள் ரயிலேறி அங்கே வருவார்கள். 1935-ல் வீசிய பெரும் புயலில் அந்த முகாம் அழிந்துபோனது.

அங்கே நடந்த வேகச் சோதனையில், தூண்டிலில் சிக்கிய ஒரு மயில்மீன் 3 வினாடியில் 91 மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியதாம். நீங்களே கணக்குப் போடுங்கள். 91-ஐ 3-ஆல் வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 30.3 மீட்டர். ஒரு மணிக்கு 3,600 வினாடி. பெருக்கிப் பார்த்தால் 109 கி.மீ. வருகிறதா?

கணக்கு சரிதான். ஆனால் அளந்த முறை சரியா? மீன் வெடுக்கென்று இழுத்தால் நரம்பு சுற்றிய உருளை தன் போக்கில் சுழன்று கூடுதல் நரம்பை விடலாம். மீன் தண்ணீருக்கு மேலே துள்ளியிருக்கலாம். படகும் நகர்ந்திருக்கலாம். நரம்பின் வேகமும் மீனின் வேகமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று இல்லையே!

அதனால் விஞ்ஞானிகள் வேறு வழியில் அளந்தார்கள். நீந்த உதவும் தசை எவ்வளவு சீக்கிரம் சுருங்கி விரிகிறது என்று பார்த்தார்கள். வாலை ஒரு முறை அடித்தால் மீன் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வின்படி மயில்மீனின் உச்ச வேகம் வினாடிக்குச் சுமார் 8 மீட்டர். அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கி.மீ.தான்!

2009-ல் உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார் அல்லவா? அதன் சராசரி மணிக்கு 37 கி.மீ.க்கு மேல். ஓட்டக்காரர் மீனை முந்திவிட்டாரே என்று சிரிக்காதீர்கள். தண்ணீரில் இறங்கினால் நம்மில் யாரும் மயில்மீனின் வாலைக்கூடத் தொட முடியாது.

முறை வைத்து வேட்டை!

வேகம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்பட வேண்டாம். மயில்மீனின் உண்மையான திறமை வேறு இடத்தில் இருக்கிறது.

மெக்சிகோ நாட்டின் கன்கூன் நகருக்கு அருகே கடலுக்குள், மயில்மீன்கள் கூட்டமாகச் சேர்ந்து மத்தி இன மீன்களை வேட்டையாடும். ஆய்வாளர்கள் நீருக்குள் இறங்கி அதைப் படம் பிடித்து ஆராய்ந்தார்கள். 2014-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது என்ன? மயில்மீன் தன் ஈட்டி மூக்கை மெல்ல, மெல்ல மத்திக் கூட்டத்துக்குள் நுழைக்கிறது. மூக்கு அவ்வளவு மெல்லியதாக இருப்பதால் மத்திகள் அதைக் கண்டு பயந்து ஓடுவதில்லை. திடீரென்று பக்கவாட்டில் ஒரு வீச்சு! அடிபட்ட மத்தி தடுமாறும்போது வாயில் கவ்விக்கொள்கிறது. மூக்கின் ஓரங்களில் அரத்தில் இருப்பது போலப் பொடிப்பொடியான பற்களும் உண்டு.

அதைவிட ஆச்சரியம் இது. எல்லா மயில்மீன்களும் ஒரே நேரத்தில் பாய்வதில்லை. ஒன்று பாய்ந்துவிட்டு விலகும். அடுத்து இன்னொன்று. இப்படி மாறி மாறி! நான்கு முறை பாய்ந்தால் ஒரு முறைதான் இரை சிக்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் சில மத்திகள் காயப்பட்டுக் களைத்துப்போகின்றன. அது அடுத்து வரும் மீனுக்கு உதவுகிறது. பாயப் போகும்போது மயில்மீனின் உடம்பில் நிறம் பளிச்சென்று மாறும். 'இப்போது நான்!' என்று மற்ற மீன்களுக்குச் சொல்லும் சைகையாக அது இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

நம்மில் வலக்கைப் பழக்கம், இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறோம் அல்லவா? மயில்மீன்களிலும் வலப்பக்கம் வீசுபவை, இடப்பக்கம் வீசுபவை என்று இரண்டு வகை உண்டாம்!

'முறை வைத்து' என்றதும் பழவேற்காட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று நினைவுக்கு வந்திருக்கும். பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. எந்த ஊர்க்காரர்கள், எந்த இடத்தில், எந்த நாளில் வலை கட்டுவது என்று மீனவர்களே கூடிப் பேசி முறை வைத்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது. சண்டையும் வராது. கடலில் மயில்மீன் செய்வதை ஏரியில் மனிதர்கள் செய்கிறார்கள்!

வாடகைப் படகில் என்ன நடக்கும்?

சரி, பணம் கட்டி மயில்மீன் பிடிக்கப் போகிறவர்களோடு நாமும் கற்பனையில் ஏறிக்கொள்வோமா?

விடியற்காலையில் படகு புறப்படும். கரை மறைந்து, தண்ணீர் கருநீலமாக மாறும் இடம் வரை போகும். படகோட்டி வானத்தைப் பார்ப்பார். பறவைகள் எங்கே வட்டமிட்டு நீரில் பாய்கின்றனவோ, அங்கே சிறுமீன் கூட்டம் இருக்கும். சிறுமீன் இருந்தால் மயில்மீனும் வரலாம்.

படகு மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். பின்னால் இரை கோத்த தூண்டில்கள் நீரில் இழுபட்டு வரும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், ஒன்றும் இல்லை. திடீரென்று தூண்டில் வளையும்! ரீல் 'கிர்ர்ர்' என்று சுழலும்! மயில்மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மேலே எழும்பும், வாலால் நீரின் மேல் நடப்பது போல ஆடும், மறுபடி மூழ்கும். மீனும் மனிதரும் மாறி மாறி இழுப்பார்கள். கை வலிக்கும். வியர்வை கொட்டும்.

கடைசியில் மீன் படகுக்கு அருகே வரும். அப்போதுதான் முக்கியமான வேலை தொடங்குகிறது. நல்ல படகோட்டி மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்க மாட்டார். கையுறை போட்ட கையால் அதன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முள்ளைக் கழற்றுவார். களைத்துப்போன மீனை உடனே விட்டுவிட மாட்டார். படகை மெதுவாக முன்னால் செலுத்துவார். மீனின் வாய் வழியாகப் புதிய நீர் நுழைந்து செவுள்களில் பாயும். மீனுக்கு மூச்சு திரும்பும். வாலை ஒரு சுண்டு சுண்டும். போய்விடும்!

தூண்டில் முள்ளிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சாதாரண முள் 'J' எழுத்து மாதிரி இருக்கும். மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் போய்க் குத்திவிடும். பிறகு மீனை விட்டாலும் பிழைக்காது. முனை உள்பக்கமாக வளைந்த வட்ட முள் அப்படி இல்லை. அது வழுக்கி வந்து வாயின் ஓரத்தில் மட்டும் மாட்டும். எளிதாகக் கழற்றிவிடலாம். அமெரிக்காவின் அட்லாண்டிக் கடலோரப் போட்டிகளில் இயற்கை இரை கோப்பவர்கள் இந்த வட்ட முள்ளைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று 2008 முதல் விதி இருக்கிறது. கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகளே, உங்கள் ஊர் ஆலைகளில் இரும்பை வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு கம்பியைக் கொஞ்சம் அதிகமாக வளைத்ததால் எத்தனை மீன்கள் பிழைத்திருக்கின்றன பாருங்கள்!

விட்டுவிடும் வழக்கம் எப்படி வந்தது?

ஆரம்பத்தில் யாரும் மீனை விடவில்லை. ஃபுளோரிடாவில் ஸ்டூவர்ட் என்ற ஊர் மயில்மீனுக்குப் பேர்போனது. அங்கே படகுகள் ஆயிரக்கணக்கான மயில்மீன்களைப் பிடித்து வந்தன. துறையில் வரிசையாகத் தொங்கவிட்டுப் படம் எடுப்பார்கள். அவ்வளவுதான். சாப்பிடக்கூட ஆளில்லாமல் மீன்கள் வீணாகின.

இப்படியே போனால் என்ன மிஞ்சும் என்று சிலர் கவலைப்பட்டார்கள். 1941-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மீனைக் கொன்றவருக்கு அல்ல, உயிரோடு விட்டவருக்குச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் அந்தச் சின்னத்தின் மேல் ஆசை வந்துவிட்டது! இப்போது நினைவுக்கு ஒரு மீன் வேண்டும் என்பவர்கள், நீளத்தை அளந்து சொல்லி ஃபைபர் கண்ணாடியில் பொம்மை மீன் செய்து சுவரில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் மீனவர்கள் செய்வது தவறா?

'அப்படியானால் காசிமேட்டுக்கு மயில்மீன் கொண்டு வருபவர்கள் கெட்டவர்களா?' என்று கேட்கத் தோன்றும். இல்லவே இல்லை! வாடகைப் படகில் போகிறவருக்கு மீன் பிடிப்பது பொழுதுபோக்கு. நம் மீனவருக்கு அது பிழைப்பு. கடல் நீரோட்டத்தோடு மிதந்து போகும் 'வழிவலை'யை இரவில் விரித்துவிட்டு விடிய விடியக் காத்திருக்கிறார். குமரி மாவட்டத் தூத்தூர்க்காரர்கள் 'ஆயிரங்கால் தூண்டில்' எடுத்துக்கொண்டு பல நாட்கள் ஆழ்கடலில் தங்குகிறார்கள். பிடித்த மீன் பலருக்கு உணவாகிறது. படகில் போனவர் வீட்டிலும் அடுப்பு எரிகிறது.

ஆனால் கடலில் மீன் குறையாமல் இருந்தால்தானே நாளைக்கும் பிடிக்க முடியும்? மயில்மீனின் எண்ணிக்கை உலக அளவில் குறைந்து வருவதால், அழியும் ஆபத்தை நோக்கிப் போகக்கூடிய உயிரினங்களின் பட்டியலில் இப்போது அதையும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கு நாட்டு எல்லை கிடையாது. இன்று நம் கடலில் இருப்பது நாளை வேறு நாட்டுக் கடலுக்குப் போய்விடும். அதனால் இந்தியா உட்படப் பல நாடுகள் சேர்ந்து நடத்தும் இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம் 2018-ல் ஒரு விதி செய்தது. 60 செ.மீ.க்கும் குறைவான மயில்மீன் கிடைத்தால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். அது ஒரு வயதுகூட ஆகாத குழந்தை அல்லவா!

நம் கிழக்குக் கடலிலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன் பிடிக்கப் போவதில்லை. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய விடுமுறை விடுகிறோம். உங்களுக்குக் கோடை விடுமுறை. கடலுக்கும் அதே நேரத்தில் விடுமுறை!

பழவேற்காட்டில் படகு ஏறலாமா?

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி ரயிலில் வந்து பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்தால் பழவேற்காடு வந்துவிடும். ஏரி இருக்கிறது, கடல் இருக்கிறது, படகும் இருக்கிறது. 'அண்ணா, கொஞ்சம் காசு தர்றோம், ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க' என்று கேட்டால் போதாதா?

போதாது, நண்பர்களே. 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுக்கு உல்லாசமாக வந்தவர்கள் ஒரு படகில் ஏறிப் போனார்கள். படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலா வருபவர்களைப் படகில் ஏற்றத் தடை விதிக்கப்பட்டது.

மீன்பிடிப் படகு வலையையும் மீனையும் சுமக்கச் செய்யப்பட்டது. நீச்சல் தெரியாத, அலை பழகாத நம்மைப் போன்றவர்களை ஏற்றிப் போக அல்ல. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டமும் அலையும் மோதிக்கொள்ளும். அனுபவமுள்ள மீனவர்களே அங்கே கவனமாகத்தான் போவார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் அந்தப் பக்கக் கடலுக்கு மீனவர்களும் போவதில்லை. கடலுக்கும் ஒழுங்கு உண்டு!

அந்தமான், மாலத்தீவு போன்ற இடங்களில் பயணிகளுக்கென்றே அனுமதி பெற்ற படகுகள் இருக்கின்றன. பெரியவர்களாகி நீங்கள் ஒருநாள் அப்படிப் போகலாம். இப்போதும் விடுமுறைக்கு எங்காவது குடும்பத்தோடு படகில் ஏறும் வாய்ப்பு வரலாம். அப்போது அப்பா, அம்மா மறந்தாலும் நீங்கள் கேளுங்கள்.

படகில் ஏறும் முன் ஐந்து கேள்விகள்

1. இந்தப் படகுக்குப் பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிறதா?

2. எத்தனை பேர் ஏறலாம்? இப்போது எத்தனை பேர் இருக்கிறோம்? (எண்ணிப் பாருங்கள்!)

3. எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா? சிறுவர்களுக்கு ஏற்ற அளவில் இருக்கிறதா? படகில் கிடந்தால் போதாது, உடம்பில் மாட்டியிருக்க வேண்டும்.

4. இன்று வானிலை எப்படி? துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா?

5. ஆபத்து என்றால் கரைக்கு எப்படிச் செய்தி சொல்வீர்கள்? (இந்தியக் கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.)

ஒரு கேள்விக்கு 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி' என்று பதில் வந்தாலும், இறங்கிவிடுங்கள். கேலி செய்வார்களே என்று வெட்கப்பட வேண்டாம். நூறு முறை மீன் பிடித்த படகோட்டிகூட இந்த ஐந்தையும் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்.

அளந்து பாருங்கள்!

படகு ஏறாமலே மயில்மீனைப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களோடு ஒருநாள் அதிகாலையில் காசிமேட்டுக்குப் போங்கள். ஒரு டேப்பும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மயில்மீன் வந்திருந்தால், மீனவரிடம் கேட்டுக்கொண்டு அளந்து பாருங்கள்.

ஆனால் ஈட்டியின் முனையிலிருந்து அளக்கக் கூடாது! கீழ்த்தாடையின் நுனியிலிருந்து, வால் இரண்டாகப் பிரியும் இடம் வரை அளக்க வேண்டும். விஞ்ஞானிகள் அப்படித்தான் அளக்கிறார்கள். ஏன் தெரியுமா? சண்டையிலோ வலையிலோ ஈட்டி உடைந்துபோகலாம். உடைந்த ஈட்டியோடு அளந்தால் பெரிய மீனும் சிறிய மீனாகிவிடும்!

கூடவே, இந்த மீன் எவ்வளவு தூரத்தில், எந்த வலையில் கிடைத்தது என்று அந்த மீனவ மாமாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்த கடலைப் பற்றி இன்னும் நிறையச் சொல்வார். கேட்டு வந்ததை வகுப்பில் எல்லோருக்கும் சொல்வீர்கள்தானே?